ஐயாவின் மொறிஸ் மைனரும் துருப்பிடித்த குழாய்களும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியம் பற்றியேனும் இலக்கணம் பற்றியேனும் எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நம் கல்லூரியின் வரலாற்றையும் அதனை வளர்த்த பெரியோரின் தொண்டையும் எழுதத் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். அவர்தம் பக்கங்களிடையே, பழைய மோட்டார் வண்டியொன்றின் அடியில் மல்லாந்து கிடந்து யான் கற்றதை எழுதப் புகுகின்றேன். இம்மலரைப் படிக்கும் அன்பருட் பலர் ஒருகாலத்தில் மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ நின்ற வீடுகளிற் பிறந்தவர்களாதலின், பொருள் முற்றிலும் புறம்பானதென்று தள்ளிவிடமாட்டார்கள் என நம்புகின்றேன்.

எங்கள் வீட்டு வண்டி மொறிஸ் மைனர் 1000. இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பெற்ற மைனர் வண்டிகளுள், 1956 இல் வெளிவரத் தொடங்கிய வகையைச் சேர்ந்தது. ஐயா தபாற் கந்தோரில் எழுதுவினைஞராய் இருந்தவர். அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. இரண்டாம் கையாக வாங்கிய அவ்வண்டியை அவர் தம் மூத்த பிள்ளையாகவே கருதினார் என்று அம்மா சொல்லுவார். இளைய பிள்ளையாகிய எனக்கு அதில் மறுப்பில்லை.

1990 ஆம் ஆண்டு பொருளாதாரத் தடை வந்தபோது எனக்குப் பத்து வயது. பெற்றோலும் பற்றறியும் உதிரிப் பாகங்களும் குடாநாட்டுக்குள் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் நம்மூர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை மறந்தவர் எவரும் இரார். அரும்பொருளாகிய பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றருள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயைக் குடிப்பிப்பர். வெண்புகை தெருவெங்கும் பரவும். தாங்கியில் ஊசித்துளை விழுந்தால் ஐயா சவர்க்காரத்தைப் பிசைந்து துளையிலே அழுத்திவிடுவார். சவர்க்காரம் நீரிற் கரையும். பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கரையாது. றேடியேற்றர்க் குழாய் வெடித்தால் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுவார். இவற்றையெல்லாம் அருகிருந்து விளக்குப் பிடித்த சிறுவனாகிய யான், ஒட்டினால் ஒட்டாத ஓட்டை உலகில் இல்லை என்னும் முடிவுக்கு வந்தேன். அம்முடிவு என் மனத்தில் முப்பது ஆண்டுகள் அசையாது கிடந்தது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. அயல்வீட்டார் கார் புகைந்துகொண்டு புறப்பட்டுப் போயிற்று. எங்கள் கார் கொட்டகையில் நின்றது. நான்கு போத்தல் மண்ணெண்ணெயும் சிறிது பெற்றோலும் அறைக்குள் இருந்ததை யான் அறிவேன். "காரிலை போவம் ஐயா" என்றேன். "கார் ஓடாது" என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அப்பாச்சியைச் சைக்கிளின் பின் இருத்தி ஐயா உருட்ட, அம்மா தங்கையின் கையைப் பிடிக்க, யான் மூட்டையொன்றைச் சுமந்து நடந்தேன். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. நனைந்த அப்பாச்சிக்குக் காய்ச்சல் கண்டது. நாங்கள் தங்கிய பாடசாலைக் கட்டடத்திலேயே மூன்றாம் வாரம் அவர் காலமானார்.

1996 இல் ஊர் திரும்பியபோது சில்லுகளும் பற்றறியும் இன்றிக் கார் அப்படியே கிடந்தது. அதைப் பார்க்குந்தோறும் எனக்குள் ஒரு கேள்வி எழும். எண்ணெய் இருந்ததே! இதனை ஐயாவிடம் யான் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டிலேன். ஆயின் அக்கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டே அவரோடு பேசினேன் என்பதும், அவர் அதனை அறிந்திருந்தார் என்பதும் இன்று தெளிவாகின்றன. ஐயா 2014 இல் மறைந்தார். காலப்போக்கில் அவர் செப்பஞ்செய்து ஓட்டிவந்த வண்டி மீண்டும் கொட்டகைக்குப் போயிற்று.

அதனை வெளியே இழுக்க வைத்தது 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் எரிபொருட் பங்கீடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என அளந்தனர். ஓடாத காருக்கும் பங்கு உண்டென்று கண்ட ஊரார் பலர் கொட்டகைகளைத் திறந்தனர், யானும் திறந்தேன்.

முதலிற் கண்ட குறை பெற்றோற் குழாயில். மைனரில் தாங்கி பின்புறம். எரிபொருளை இழுக்கும் மின்பம்பி முன்புறம் இயந்திர அறையில். இடைப்பட்ட குழாய் வண்டியின் அடிவழியே ஓடுகின்றது. பம்பி முன்னே இருந்து உறிஞ்சுவதால், அக்குழாயில் துளை விழுந்தால் பெற்றோல் வெளியே ஒழுகுவதினும் காற்று உள்ளே புகுவதே மிகுதி. சாவியைத் திருப்பியவுடன் சில தரம் 'டிக் டிக்' என்று அடித்து ஓயவேண்டிய பம்பி, ஓயாது அடித்துக்கொண்டே இருந்தது. அடியிற் படுத்துப் பார்த்தேன். குழாயைச் சட்டத்தோடு பிணைக்கும் தகட்டுக் கௌவியின் கீழே துரு பொருக்குப் பொருக்காய் எழுந்திருந்தது. விரலால் வருட ஈரமும் மணமும் தெரிந்தன. துரு கௌவியின் அடியிலேதான் தொடங்கும். உப்புச்சேறு அங்கே தங்குகின்றது. கழுவினாலும் நீர் அங்கே தேங்குகின்றது. சுற்றிவரக் கடல் சூழ்ந்த நம் நாட்டில், குழாயின் மெல்லிய சுவர் அதற்கு எத்தனை காலம் ஈடுகொடுக்கும்?

இக்குறையைத் தீர்த்தது எளிது, மலிவும் கூட. பற்றறியின் இணைப்பைக் கழற்றி, வெளிமுற்றத்திற் காற்றோட்டமாய் வைத்து, தாங்கியை வடித்துக்கொண்டேன். விளக்கோ பீடியோ அருகில் வரவிடலாகாது. துருப்பட்ட துண்டை, இருபுறமும் பழுதற்ற உலோகம் தோன்றுமளவும், சிறு குழாய்வெட்டியால் வெட்டி எடுத்தேன். அரத்தால் அறுத்தால் தூள் உள்ளே புகும். வெட்டிய வாய்களைச் சிறிது புடைக்கச் செய்து, பெற்றோலுக்கென்றே செய்த றப்பர்க் குழாயை இருபுறமும் ஓரங்குலத்துக்கு மேல் ஏற்றி, கிளிப்புகளால் இறுக்கினேன். தோட்டத்து நீர்க்குழாயும் மருத்துவமனைச் சேலைன் குழாயும் இதற்கு ஆகா. பெற்றோல் அவற்றை இளக்கியோ விறைக்கச் செய்தோ கெடுத்துவிடும். செலவு இரண்டு சோற்றுப் பார்சல்களின் விலைக்குள் அடங்கிற்று. புதிய ஜப்பானிய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இதனைப் படித்துவிட்டு அடியிற் படுக்கவேண்டாம். அவற்றின் எரிபொருட் குழாயில் அழுத்தம் பன்மடங்கு. அதற்குரிய குழாயும் கிளிப்பும் வேறு. மைனரின் பம்பி தருவதோ சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல் மாத்திரமே.

பம்பி ஓய்ந்தது. இயந்திரம் சீராய் ஓடிற்று. வெற்றிக் களிப்பில் மேலும் துருவிப் பார்த்தபோது, மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து பின்னச்சை நோக்கிச் செல்லும் பிறேக் குழாயிலும் ஓரிடத்தில் ஈரம் கண்டேன். (மாஸ்ரர் சிலிண்டர் என்பது ஆசிரியரோடு தொடர்புடையதன்று. பிறேக் மிதிக்கும்போது ஒயிலை நான்கு சில்லுக்கும் தள்ளும் தலைமை உருளைக்கு அதுவே பெயர். மைனரில் அது சாரதியின் காலடித் தரைக்குக் கீழே மறைந்து கிடக்கும்.) புதுக் குழாய் தேடினேன். இறக்குமதி ஒடுங்கியிருந்த நேரம். டொலரின் விலை மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்து மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியிருந்தது. கிடைத்த ஒரு கடையில் கேட்ட விலை என் சம்பளத்துக்கு ஏற்றதன்று. துருவை உரசி நீக்கி, இருகூட்டுப் பசையைக் கனமாய்ப் பூசி, மேலே துணி சுற்றி, மீண்டும் பூசி, இரண்டு நாள் காயவிட்டேன். முற்றத்தில் நின்று மிதித்துப் பார்த்தேன். மிதி கல்லுப்போல் நின்றது. ஐயாவின் மகன் என்று என்னை யானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு நயினை நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் சென்றேன். குறிகட்டுவான் துறையில் வண்டியை நிறுத்திப் படகேறினோம். தரிசனம் நன்றாய் முடிந்தது. திரும்பும்போது புங்குடுதீவுத் தாம்போதியில் மிதி சிறிது தாழ்ந்ததுபோல் இருந்தது. வேலணை கடந்து, மண்டைதீவுச் சந்தி கடந்து, பண்ணைப் பாலத்தில் ஏறினோம். சோளகக் காற்று உப்புநீரைத் தெருவில் வீசிக்கொண்டிருந்தது. முன்னே சைக்கிளின் பின் மீன்பெட்டி கட்டிய ஒருவர் காற்றோடு மல்லாடி மிதித்துச் சென்றார். எதிரே பஸ் வண்டி வந்தது. பிறேக்கை மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. மறுமுறை மிதித்தேன். தரைதான்.

இக்காலத்து வண்டிகளில் பிறேக் இரு பிரிவாய் இருக்கும். ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். மைனரில் ஒரே வழி. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லுக்கும் இல்லை. கைப் பிறேக் மாத்திரம் கம்பியால் இயங்குவது. அதனை இழுத்துக்கொண்டே கியரை மூன்றுக்கும் இரண்டுக்கும் இறக்கினேன். முதலாம் கியர் ஓடும்போது எளிதில் விழாது; இயந்திரம் அலறிற்று. அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகள் "அப்பா" என்றாள். வண்டி நின்றபோது முன்புறத் தகட்டுக்கும் மீன்பெட்டிக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. அவர் இறங்கித் திரும்பிப் பார்த்தார். "என்ன மாஸ்ரர், பெட்டியோடை வாங்கப்போறியளோ?" என்றார். அவர் மகன் எட்டாம் வகுப்பில் என் மாணாக்கன்.

வண்டியை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்த இடம், ஐயாவின் காலத்திலேயே அவருக்குப் பழக்கமான முதிய மெக்கானிக் ஒருவரின் கராச். எழுபதைக் கடந்தவர். அடியிற் படுத்து எழுந்து, பசையின் துண்டொன்றை என் கையில் வைத்தார்.

"மாஸ்ரர், பெற்றோல் பைப்பும் பிறேக் பைப்பும் உங்களுக்கு ஒண்டே?"

"ஐயா எல்லாத்தையும் ஒட்டித்தானே ஓடினவர் அண்ணை" என்றேன்.

"உதை ஒட்டேல்லை. 95 ஆம் ஆண்டு ஆடி மாதம் உதே பைப்தான் போனது. சாமான் ஒண்டும் வராத நேரம். நான்தான் சொன்னன், ஈயம் வைச்சு ஒட்டித் தாறன், ஊருக்குள்ளை மெல்ல ஓடலாமெண்டு. மாட்டன் எண்டிட்டார். பைப் கிடைக்குமட்டும் நிக்கட்டும் எண்டு தள்ளிக்கொண்டு போய் விட்டவர்."

யான் அங்கிருந்த வாங்கில் அமர்ந்தேன். அவர் தேநீர் வாங்கி வரப் பையனை அனுப்பினார். என் முகத்தைப் பார்த்து, பிறேக் போன பயம் இன்னும் தெளியவில்லை என்று எண்ணியிருப்பார்.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு எல்லாம் நினைவில் இருந்தது. "நானும் கேட்டனான், அப்பாச்சியை நனையவிடாமல் மெல்ல உருட்டிக்கொண்டு போகலாமே எண்டு. எங்களை ஏத்தலாம், முன்னாலை நடக்கிற சனத்தை என்ன செய்யிறது எண்டார்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

பசை ஏன் பிடிக்கவில்லை என்பதை ஒரு கணக்காய்ப் பார்த்தால் விளங்கும். காரின் ரயருக்குள் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 22, 24 இறாத்தல். பிறேக்கை வலிந்து மிதிக்கையில், மிதியின் நெம்புகோல் காலின் பலத்தைப் பெருக்க, குழாயினுள் 500 இறாத்தலைத் தாண்டுவது எளிது. முற்றத்தில் யான் மெல்ல மிதித்துப் பார்த்தது பரீட்சையே அன்று. மேலும் பசை பற்றியிருந்தது இரும்பையன்று, துருவை. துரு கழன்றால் பசையும் கழலும். அன்றியும் பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்பினது. பழைய ஒயில் குழாயை உள்ளிருந்தும் அரித்துக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் வெளியே தெரிந்த துளைக்கு அப்பால், தெரியாமல் மெலிந்த இடங்கள் பல இருந்திருக்கும். பெற்றோற் குழாய்க்குச் செய்ததுபோல இடையில் வெட்டி றப்பர் இணைப்பதும், கிளிப்பு இறுக்குவதும், குழாய்நீருக்குரிய இணைப்பான்கள் பூட்டுவதும் பிறேக்குக்கு ஆகா. முழுநீளத்தையும் மாற்றுவதொன்றே வழி.

அதனைத்தான் மலிவாகச் செய்யலாம். வளைத்து முடித்த குழாயை வாங்காமல், செம்பும் நிக்கலும் கலந்த, பிறேக்குக்கென்றே செய்த குழாய்ச் சுருளொன்றைக் கொழும்பிலிருந்து தருவித்தேன். குறுக்களவு 3/16 அங்குலம். அக்கலவை உப்புக்கு அஞ்சாதது. கப்பல்களிற் கடல்நீர் செல்லும் குழாய்களையும் அதனாற் செய்வர். கையாலேயே வளையும். வெறுஞ்செம்பு அவ்வாறன்று, அதிர்ச்சியால் நாளடைவில் விறைத்து வெடிக்கும். விலை, கடைக்காரர் முன்பு கேட்டதிற் பாதிக்கும் குறைவு. மிகுதிக் குழாய் இன்னும் என் வீட்டில் உண்டு.

பழைய நட்டுகளைக் கழற்றுவதே பெரும்பாடு. முதல்நாளே துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தும் ஒன்று அசையவில்லை. சாதாரண ஸ்பனர் அதன் முனைகளை வழுவழுப்பாக்கிவிட்டது. கழிக்கப்போகும் குழாய்தானே என்று அதனை நட்டின் ஓரமாய் வெட்டிவிட்டு, வளைய ஸ்பனரை முழுதாய் ஏற்றித் திருகச் சொன்னார் அண்ணை. அசைந்தது. பழைய குழாயின் வளைவுகளின்மேல் நூல் பிடித்து நீளம் அளந்து, அதனையே மாதிரியாய் வைத்துப் புதியதை வளைத்தேன். வாயை விரிப்பதற்கு அவர் தம் கருவியைத் தந்து அருகில் நின்றார். பழைய வாய் எவ்வாறு மடிந்து விரிந்திருந்ததோ அவ்வாறே புதியதும் இருத்தல் வேண்டும். மூன்றாம் முயற்சியில் அழகாக வந்தது. உயர்த்திக் காட்டினேன். "நட்டு எங்கை மாஸ்ரர்?" என்றார். நட்டைக் கோத்துக்கொண்ட பின்னரே வாயை விரிக்கவேண்டும். விரித்தபின் நட்டு ஏறாது. எழுவாயை விட்டுவிட்டு வாக்கியத்தை முடிக்கும் மாணாக்கரின் விடைத்தாளிற் சிவப்பு மையால் யான் எத்தனைமுறை வட்டமிட்டிருப்பேன்! வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன்.

குழாயைப் பூட்டியபின் காற்றெடுக்கும் வேலை. மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள பின் இடச் சில்லில் தொடங்கி அண்மைக்கு வருதல் முறை. மனைவி மிதியில் இருந்தார், யான் அடியில். "மிதி", "பிடி", "விடு" என்று யான் கட்டளையிட, அவர் இரண்டாஞ் சில்லோடு பொறுமை இழந்து, கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் இதைத்தான் படிப்பித்தார்களா என்று கேட்டார். குமிழி ஒழியும்வரை நான்கு சில்லிலும் எடுத்தோம். ஒயில் சிந்தினால் வர்ணத்தை உரித்துவிடும். உடனே நீரால் கழுவவேண்டும். பிறகு முழுப்பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் செய்து, ஒவ்வொரு மூட்டிலும் உலர்ந்த கடதாசியை ஒற்றிப் பார்த்தேன். மறுநாட் காலையிலும் அவ்வாறே. கடதாசி நனையவில்லை.

இப்போது ஆண்டுக்கொருமுறை, மாரி தொடங்குமுன், கௌவி ஒவ்வொன்றையும் கழற்றி அடியைப் பார்க்கின்றேன். பிறேக் ஒயிலை இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுகின்றேன். பெற்றோற் குழாயில் அன்று இட்ட றப்பர்த் துண்டு ஒருமுறை மாற்றப்பட்டது; அது அப்படித்தான். ஐயா சவர்க்காரம் அழுத்திய தாங்கியின் துளைக்குப் பின்னர் அவரே ஈயம் வைத்திருக்கின்றார். அதன் ஓரத்தை அவர் அரத்தால் மழுக்கிய தடம் விரலுக்கு இன்னும் தெரிகின்றது.

குழாய் மாற்றிய அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மாவை முன்னே இருத்திக்கொண்டு மறுபடியும் குறிகட்டுவானுக்குச் சென்றேன். திரும்பும்போது அதே பண்ணைப் பாலம், அதே காற்று. தூரத்தே அதே மீன்பெட்டி. யான் பிறேக்கை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். கால்வழி போகுமுன்பே மிதி நின்றது. எனினும் அம்மனிதர் எங்கள் வண்டியின் ஓசையை அறிந்துவிட்டார். சைக்கிளை விட்டு இறங்கி, அதனைப் பாலத்தின் கரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நாங்கள் கடந்து போகும்வரை நின்றார்.